வலப்பக்கம் போக வேண்டியவள்

எனக்குக் கோபம் வந்தால் மைசூரில் எங்கள் மேட்டகள்ளி முழுக்கக் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். கொஞ்சம் மிகைதான். கீழ் வீட்டு பசம்மாவுக்குக் கேட்கும், கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருக்கிற லைனில் தைக்கிற பெண்களுக்குக் கேட்கும், அவ்வளவுதான். என் மகள் மோகனப்ரியா கொரியாவுக்குப் போய்ப் பாட்டுக்காரி ஆகப்போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு மட்டும் தெருமுனை வரை கேட்டிருக்கலாம்.

"பாட்டுக்காரி இல்லம்மா, ட்ரெய்னி" என்றாள்.

அங்கே இருக்கிற கம்பெனிக்காரர்கள் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, தங்க இடம் கொடுத்து, ஆட்டம், பாட்டு, கொரிய மொழி எல்லாம் கற்றுக்கொடுப்பார்களாம். வருஷக்கணக்கில் நடக்குமாம். அதற்குப் பிறகும் மேடை ஏற்றுவார்களா என்பது நிச்சயமில்லையாம். நிச்சயமில்லாத ஒன்றுக்கு எதற்கு இத்தனை பாடு என்று கேட்டேன். "பியூசி படிச்சா மட்டும் எல்லாம் நிச்சயமா?" என்றாள். இங்கே ப்ளஸ் டூவுக்குப் பியூசி என்று பெயர். நான் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

நாங்கள் தமிழ்நாட்டு எல்லையோரம் கௌதள்ளிப் பக்கத்துக்காரர்கள். என் வீட்டுக்காரர் ரத்தினவேல் சென்ட்ரிங் மேஸ்திரி. வேலை பெங்களூரில், வாரக் கடைசியில் வருவார். மகள் எதைக் கேட்டாலும் சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவார். மறுக்கிற வேலை முழுவதும் என் தலையில். மகள் பிறந்தது வளர்ந்தது மைசூரில். வீட்டில் என்னோடு தமிழ் பேசுவாள். ஆனால் பயமோ கோபமோ வந்துவிட்டால் அவளுக்குக் கன்னடம்தான் வாயில் வரும்.

சியோலில் இருக்கிற ஏதோ ஒரு சின்னக் கம்பெனி, மைசூர் குவெம்பு நகரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து ஆள் தேர்ந்தெடுக்கப் போகிறது என்று செய்தி வந்தது. பதினெட்டு ஆகாத பிள்ளைகளோடு பெற்றவர்களில் ஒருவர் வர வேண்டும். என்னைக் கூப்பிட அவள் பட்ட பாட்டைப் பார்த்து, கடைசியில் நான் ஒரு கணக்குக்கு வந்தேன்.

"ஒரே ஒரு தடவை வாரேன். தேறிட்டீன்னா உங்கப்பங்கிட்ட நானே பேசறேன். தேறலீன்னா அன்னிக்கோட இந்த ஆட்டத்தை விட்டுப்போடோணும். போனுல பாக்கறது, மாடில குதிக்கறது, ஒண்ணும் கூடாது. காலேஜு உண்டு நீ உண்டுன்னு இருக்கோணும். சம்மதமா?"

"சம்மதம்மா."

"அப்பறம் அழுகக் கூடாது."

"அழமாட்டேன். சத்தியமா."

அவள் சத்தியம் என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் பயம்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற வியாதி அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. எனக்கு வேறு வியாதி. நான் சொன்னதைத் திரும்ப வாங்குவதில்லை. லைனில் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

அவள் உழைத்ததைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும். நான் எழுந்து கோலம் போடுவதற்கு முன்பே மொட்டை மாடிக்குப் போயிருப்பாள். தண்ணீர் டேங்க் மேல் போனைச் சாய்த்து வைத்து, அதன் எதிரில் நின்று ஆடுவாள். தும் தும் என்று சத்தம் கேட்கிறது, தூங்க முடியவில்லை என்று பசம்மா சண்டைக்கு வந்தாள். அதற்குப் பிறகு குதித்தாலும் சத்தம் கேட்காமல் இறங்கப் பழகிக்கொண்டாள். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வாள். ஒரு காலரைப் பிரித்து மறுபடி தை என்று நான் இரண்டாம் முறை சொன்னாலே எந்தப் பெண்ணும் என்னை முறைப்பாள். இவள் யாரும் சொல்லாமல் தானே பிரித்துத் தானே தைத்துக்கொண்டிருந்தாள். துணி காயப்போடுகிற சாக்கில் நான் மாடிக்குப் போய்ப் பார்ப்பேன். பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை, சொன்னால் தலைக்கு மேல் ஏறுவாள் என்று.

அன்று காலை மண்டப வாசலில் முந்தின நாள் கல்யாணத்து வாழைமரம் வாடிக்கொண்டு நின்றது. மேலே வளைவில் ஒட்டியிருந்த மணமக்கள் பெயரில் பாதி எழுத்துகளை யாரோ பிய்த்திருந்தார்கள். அதன் கீழே தெரு வரைக்கும் பிள்ளைகள் வரிசை. மண்டியாவிலிருந்து, மடிக்கேரியிலிருந்து, எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். இந்தக் கிறுக்கு என் வீட்டில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

மேஜையில் உட்கார்ந்திருந்த பெண், முகத்தில் பவுடர் கூடாது, நெற்றி முழுக்கத் தெரியும்படி முடியை இழுத்துக் கட்ட வேண்டும் என்றாள்.

"பொட்டு?" என்று கேட்டேன்.

"அதுவும் வேண்டாம் ஆன்ட்டி."

நான் வாயைத் திறப்பதற்குள் ப்ரியா பொட்டை எடுத்துவிட்டாள். நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று போட்டோ எடுத்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இப்படித் திருப்பித் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். என் மகள் சிரித்த முகம் மாறாமல் திரும்பினாள்.

சாப்பாட்டு ஹாலில் காத்திருக்கச் சொன்னார்கள். ஒரே பாட்டைத் தேர்ந்தெடுத்தவர்களை நான்கு நான்கு பேராகச் சேர்த்து, முன்னால் இருவர், பின்னால் இருவர் என்று நிற்கும் இடத்தையும் சொல்லிவிட்டார்கள். முன்வரிசையில் என் மகளுக்கு வலப்பக்கம் ரூபா என்கிற பெண். அவளுடைய அப்பா நஞ்சுண்டசாமி ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் விவசாயம். ஒரு சீப்பு வாழைப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் என்னைவிட அதிகமாகப் பயம் இருந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

நான்கு பெண்களும் ஒரு தடவை சேர்ந்து ஆடிப் பார்க்கலாம் என்று பாட்டைப் போட்டார்கள். பாட்டின் உச்சத்தில் எல்லாரும் ஒரு பக்கமாகத் தாவிப் போகிற இடம் ஒன்று உண்டு. மூன்று பேர் வலப்பக்கம் போனார்கள். என் மகள் இடப்பக்கம் தாவினாள். அந்த ஹாலில் அவரவர் இடம் பார்த்துச் சரியாக நிற்கவில்லை போலிருக்கிறது, பின்னால் இருந்த பெண்மேல் முட்டி இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மறுபடி ஆடினார்கள். மறுபடி அதே கதை.

"நீ எந்த வீடியோ பாத்துக் கத்துக்கிட்டே?" என்று ரூபா கன்னடத்தில் கேட்டாள்.

"மேடையில ஆடினது. அவங்களே போட்டது."

ரூபா தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகுதான் எனக்கு விளங்கியது. எதிரே நிற்கிறவர் வலக்கையைத் தூக்கினால், அது நமக்கு இடப்பக்கம் தெரியும். என் மகள் போனைக் கண்ணாடி மாதிரி நினைத்துக்கொண்டு இடக்கையைத் தூக்கியிருக்கிறாள். ஒரு கை மட்டுமில்லை, பாட்டு முழுக்க, தலை திருப்புவது வரைக்கும் எல்லாம் பக்கம் மாறிப்போயிருந்தது. இதற்காகவே இடம் வலம் மாற்றிப் பதிந்த வீடியோக்கள் தனியாகக் கிடைக்குமாம். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் கற்றுக்கொள்வார்களாம். டான்ஸ் கிளாஸ் போகிற பிள்ளைகளுக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி இருக்கும், கூட ஆடுகிறவர்கள் இருப்பார்கள், முதல் நாளே தெரிந்துவிடும். எங்கள் வீட்டுக் கண்ணாடியில் முகம் மட்டும்தான் தெரியும். தனியாக ஆடினவளுக்குத் தான் பக்கம் மாறி ஆடுகிறோம் என்று யார் சொல்வது?

ப்ரியாவின் முகம் வெளுத்துப்போனது. என்னிடம் ஓடி வந்தாள்.

"அம்மா, ஈக ஏன் மாடோது?"

இப்போது என்ன செய்வது என்று கேட்கிறாள். கன்னடத்தில் கேட்கிறாள் என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"வா கண்ணு, வீட்டுக்குப் போலாம்" என்றேன். கீழே விழுந்தவளைப் பார்த்து நாலு பேர் சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு நாள் பட்ட பாடு ஒரு போனால் வீணாகிவிட்டதே என்று அவளுடைய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அவள் என்னை முறைத்துப் பார்த்தாள். திரும்பிப் போய் ரூபாவின் எதிரில் நின்றாள்.

மற்ற இரண்டு பெண்களும் மெதுவாக நகர்ந்து வேறு மூலைக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் பிழைப்பு அவர்களுக்கு. ரூபா மட்டும் போகவில்லை. எதிரில் நிற்பதைப் பார்த்துத்தான் என் மகளுக்கு உடம்பு வளையும் என்று அந்தப் பெண் புரிந்துகொண்டாள். அதனால் அவளே ஒரு வீடியோவாக மாறிவிட்டாள். தான் வலப்பக்கம் செய்ய வேண்டியதை எல்லாம் இடப்பக்கம் செய்து காட்டினாள். அதைக் கண்ணாடி மாதிரி பார்த்து ஆடினால் ப்ரியாவுக்குச் சரியாக வலப்பக்கம் வரும். ஒரு தடவை இல்லை, எங்கள் முறை வருகிற வரைக்கும். இவளுக்கு வியர்த்து ஊற்றியது, அவளுக்கும் ஊற்றியது. பாட்டு முடிந்தால் உடனே மறுபடி. நான் லைனில் எத்தனையோ கைதேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பழகின கையை மறக்கச் செய்து அதே காரியத்தை மறுகையால் செய்யச் சொன்னால் அவர்கள் மிஷினை விட்டு எழுந்து போய்விடுவார்கள். என் மகள் உடம்பு முழுவதையும் பிரித்துப் போட்டுத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தாள்.

எங்களைக் கூப்பிட்டபோது அவள் எல்லாவற்றையும் வலப்பக்கம் ஆடிக்கொண்டிருந்தாள்.

பெற்றவர்கள் மண்டபத்தின் கடைசி வரிசையில் சத்தம் போடாமல் உட்காரலாம் என்றார்கள். மேடைக்குக் கீழே ஒரு மேஜை. நடுவயதுக் கொரியப் பெண்மணி ஒருவர், கண்ணாடி போட்ட ஒரு இளைஞன், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பெங்களூர்ப் பெண். நான்கு பெண்களும் இடுப்பு வரைக்கும் குனிந்து வணக்கம் சொன்னார்கள். எனக்கு ஒரு நாளும் அவள் அப்படிக் குனிந்ததில்லை.

பாட்டு தொடங்கியது. முதல் பாதி சுத்தமாக இருந்தது. நான்கு பேரும் ஒரே பக்கம் கை நீட்டினார்கள், ஒரே பக்கம் திரும்பினார்கள். நஞ்சுண்டசாமி வாழைப்பழச் சீப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த உச்சம் வந்தது.

பின்வரிசைப் பெண்கள் இருவரும் வலப்பக்கம் தாவினார்கள். முன்வரிசையில் ரூபாவும் என் மகளும் இடப்பக்கம் தாவினார்கள்.

போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். பழக்க தோஷம், கடைசியில் பழைய புத்திக்கே போய்விட்டாள், கூட நின்ற அந்தப் பெண்ணையும் இழுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்தபோது இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருப்பவர்கள் ஒரு பக்கம், பின்னால் இருப்பவர்கள் மறுபக்கம். அப்புறம் மாறி அந்தப் பக்கம், இந்தப் பக்கம். வேண்டுமென்றே அப்படி அமைத்த மாதிரி அழகாக இருந்தது. மேஜையில் இருந்த பெண்மணி நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டு முடிவதற்கு முன்னால் கையைக் காட்டி நிறுத்தினார்.

"முன்னால் நிற்கிற இரண்டு பேரும் மாற்றி ஆடினீர்களே, அது பேசி வைத்துக்கொண்டதா?" என்று மொழிபெயர்க்கிற பெண் கேட்டாள்.

ரூபா ஒன்றும் புரியாமல் விழித்தாள். என் மகள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ஆமா மேடம். நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சதுதான்."

அவள் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்வாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஒவ்வொருவராகப் பாடச் சொன்னார்கள். ப்ரியா பாடினாள், பரவாயில்லை. தாய் என்கிற முறையில் அதற்கு மேல் சொல்ல ஆசைதான், ஆனால் ரூபா பாடியதைக் கேட்ட பிறகு சொல்ல முடியாது. அந்த ஒல்லிப் பெண்ணின் தொண்டையிலிருந்து வந்த குரலுக்கு, கதவருகே பெருக்கிக்கொண்டிருந்த மண்டபத்து ஆள்கூட விளக்குமாற்றை நிறுத்திவிட்டான்.

மத்தியானத்துக்கு மேல் பெயர்களை வாசித்தார்கள். ரூபாவின் பெயர் வந்தது. வேறு சில பெயர்களும் வந்தன. மோகனப்ரியா வரவில்லை.

அவளைக் கை கழுவுகிற இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அத்தனை தடவை ஆடிப் பாத்தீல்ல? அங்க போயி ஏன் புள்ளே கொழம்பினே?"

"நான் கொழம்பலம்மா."

"பின்ன எதுக்கு அந்தப் பக்கம் போனே?"

"ரூபா போனா." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எனக்குச் சொல்லிக் குடுக்கறேன்னு அவ காலைல இருந்து இடப்பக்கமே ஆடினாளா, அங்க போனதும் அவ உடம்பு அதையே பண்ணிருச்சு. நான் வலப்பக்கம் போக எட்டு வச்சேன். அவ என்னைப் பாத்து வர்றா. நான் போயிருந்தா முட்டியிருப்போம். அதான் நானும் அவகூடத் திரும்பிட்டேன். எனக்கு அந்தப் பக்கம் தூக்கத்துலகூட வரும்."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. பின்னால ஆடறவங்க அவளுக்குத் தெரியாதில்ல? நான் கூட வந்ததால சரியாத்தான் ஆடறோம்னு நெனச்சுக்கிட்டா. அவங்க கேட்டப்பறம், நான்தான் பழைய பக்கம் போய் அவளையும் இழுத்துட்டேன்னு நெனச்சிருப்பா."

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. தப்பு செய்தவள் பெயர் லிஸ்டில். அந்தத் தப்பைத் தாங்கிப் பிடித்தவள் குழாயடியில். நான் முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு அந்த மேஜையை நோக்கி நடந்தேன். கொரியாவோ ஜப்பானோ, நியாயம் ஒன்றுதானே. அந்தப் பெங்களூர்ப் பெண்ணைக் கூப்பிட்டு ஒவ்வொரு வார்த்தையாக மொழிபெயர்க்கச் சொல்லப் போனேன்.

"அம்மா, பேடா!"

வேண்டாம் என்கிறாள். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேடாம்மா, கெஞ்சிக் கேக்கறேன். நீ சொன்னா அவ பேரை அடிச்சிருவாங்க. அவ காதுல விழுந்தா அவளே போய்ச் சொல்லிருவா. அவ அப்படிப்பட்டவ."

"அவளுக்கு இருக்கட்டும். உன்ற கதி என்ன?"

"முட்டி விழுந்திருந்தா மட்டும் என்னை எடுத்திருப்பாங்களா? நாலு பேர் சேந்து ஆடறது அம்மா அது. பக்கத்துல ஒருத்தி தனியா மாட்டிக்கிட்டா, நான் மட்டும் சரியா ஆடி என்ன பண்றது?"

நான் அவளைப் பார்த்தேன். மேடையில், அந்த வெளிச்சத்தில், தன்னுடைய ஒரே ஒரு வாய்ப்பு காலடியில் இருக்கும்போது, ஒரு இமைப்பொழுதில் இவள் இதை முடிவு செய்திருக்கிறாள். அதுவும் காலை முழுக்க வியர்த்துக் கற்றுக்கொண்ட பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு. நான் பெற்ற பிள்ளையா இது என்று இருந்தது. எனக்கு அந்தப் புத்தி கிடையாது, அவள் அப்பாவுக்கும் அவ்வளவு வேகம் கிடையாது.

அந்த நேரம் பார்த்து நஞ்சுண்டசாமி வந்தார். கண் கலங்கியிருந்தது. சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து என் கையில் வைத்தார். "உங்கள் பெண்ணும் என் பெண்ணும் ஆடியதைப் பார்த்தீர்களா, ஒன்றாகப் பிறந்தவர்கள் மாதிரி இருந்தது" என்று கன்னடத்தில் சொன்னார். என் நாக்கின் நுனியில் எல்லாம் தயாராக இருந்தது. ப்ரியா என் கையை விடவில்லை.

"பஹள சந்தோஷ" என்றேன். ரொம்ப சந்தோஷம் என்று அர்த்தம். வாயில் வந்ததை விழுங்கி எனக்குப் பழக்கமில்லை. அதையும் விழுங்கி, அவர் கொடுத்த பழத்தையும் விழுங்கினேன்.

ரூபா ஓடி வந்து என் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். ப்ரியா அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். மகள் முகத்தில் எங்கேயாவது பொறாமை தெரிகிறதா என்று நான் கூர்ந்து பார்த்தேன். தைத்த சட்டையில் பிசிறு தேடுகிற கண் என்னுடையது. ஒன்றும் அகப்படவில்லை.

பஸ் ஸ்டாப்பில் வெயில் சாய்ந்திருந்தது. பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் போனை எடுத்தாள். யாருக்கோ பேசப்போகிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், சேர்த்து வைத்திருந்த ஆட்ட வீடியோக்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள். நிதானமாக, எதையும் விடாமல்.

"என்ன பண்றே?"

"சொன்னது சொன்னதுதானேம்மா. தேறலை. விட்டுடறேன்."

அழவில்லை. அழக் கூடாது என்று நான்தானே சொல்லியிருந்தேன். திரையில் அடுத்த வீடியோ வந்து நின்றது. அவளே மாடியில் ஆடியது, பின்னால் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் விரல் அதன் மேல் போனது.

போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நான் உங்கிட்ட என்ன சொன்னேன்?"

"தேறலைன்னா விடணும்னு."

"நீ தேறலீன்னு ஆரு சொன்னா?"

"அவங்கதாம்மா. அவங்க வாசிச்சதுல என் பேர் இல்லையே."

"அவுங்கதான சொன்னாங்க? நான் சொன்னனா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுதாள்.